கப்பிக்குள் போகாத வடம்

மகனே,

நீ இதை வாசிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். இப்போது தொட்டிலில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. இந்த வயதில் ஒருத்தி, வளர்ந்த பிள்ளைக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுகிறாள் என்று தெரிந்தால் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் நேரில் யாரிடமும் நாலு வார்த்தை சேர்த்துப் பேச எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுப் பாடும்போதுகூட என் வாய் அசையும், சத்தம் வராது. உன்னிடமாவது பேசப் பழகிவிடுவேன் என்று நினைக்கிறேன். ஒருவேளை பழகாமல் போனால் என்ன செய்வது? அதனால் எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அம்மா இறந்துபோனதால் வீட்டில் சோறு பொங்க ஆள் இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நாளைக் காலையில் உன்னைத் தூக்கிக்கொண்டு வடக்கே போகிறேன். உன் அப்பா அங்கே சர்க்கார் துப்பாக்கி ஆலையில் வேலை பார்க்கிறார். என் அப்பா, அதாவது உன் பாட்டா, இராஜாக்கமங்கலத்தில் இந்த வீட்டில் தனியாக இருப்பார். அவர்கள் இரண்டு பேரும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒத்துவரவில்லை என்று ஊரில் சொல்வார்கள், நீயும் கேட்பாய். அப்படி நினைக்காதே. இரண்டு பேரும் நல்லவர்கள். இந்த வீடு இரண்டாகிவிடக் கூடாது என்று நான் ஒவ்வொரு நாளும் ஜெபம் பண்ணினேன். ஆனாலும் ஆகிவிட்டது. அதற்குக் காரணம் சண்டையோ சொத்தோ இல்லை. பட்டாளத்துக்குச் செய்த ஒரு வடம்.

உன் பாட்டாவுக்குக் கயிற்றுக் களம் இருந்தது. தேங்காய்க் கதம்பையை உவர்த்தண்ணீரில் புதைத்து ஊறவைத்து, அடித்து நார் நாரான தும்பாக்கி, பெண்கள் ராட்டில் இழை திரிப்பார்கள். இழைகளைச் சேர்த்துப் புரி, புரிகளைச் சேர்த்து வடம். நானும் ராட்டுச் சுற்றியிருக்கிறேன். வடம் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கடியப்பட்டணத்து மீன்காரர்கள். அவர்கள் வந்தால் உன் பாட்டா முதலில் நீளம் கேட்க மாட்டார், வீட்டில் சின்னப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்பார். பிள்ளைகள் இருக்கிறவனுடைய வடத்தில் புரிக்கு ஓரிரண்டு இழை கூடச் சேர்ப்பார். அதற்குக் காசு வாங்க மாட்டார். கேட்டால், அது பிள்ளைகளுடைய இழை என்பார். அவருடைய அப்பா காலத்திலேயே களத்தில் இருந்த வழக்கம் அது. அதனால் எங்கள் களத்தில் ஒரு வடம் போல இன்னொரு வடம் இருந்ததே இல்லை. அதில் யாருக்கும் குறை தோன்றவில்லை. ஒவ்வொரு வடமும் ஒவ்வொரு கட்டுமரத்தில் கிடந்து கடலுக்குப் போய்வந்தது. ஒன்றின் வேலையை இன்னொன்று பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

எனக்குக் கல்யாணமான புதிதில் பட்டாளத்துக்குச் சாமான் வாங்கும் ஆபீசிலிருந்து ஒரு துரை வந்தார். அதுவரை பட்டாளத்துக்கு வேண்டிய கயிறெல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்ததாம். இனி இந்த நாட்டில் செய்கிறவர்களிடமே வாங்கிப் பார்ப்பது என்று மேலே யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். துரை ஒரு துண்டு வடத்தைக் கொடுத்தார். இரண்டு முனையிலும் அரக்கு முத்திரை. இதே மாதிரி வேண்டும் என்று கூட வந்த குமஸ்தா மலையாளத்தில் சொன்னார். எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ராட்டுச் சுற்றும் செல்லத்தாய் மட்டும், அவர்கள் போன பிறகு, “ஏட்டி, இது ஆளைக் கெட்டித் தூக்கத்தானா?” என்று என் காதில் கேட்டாள். எங்களில் யாருக்கும் தெரியாது.

உன் அப்பா அப்போது எங்கள் வீட்டோடு வந்து இருந்தார். தூத்துக்குடியில் ஒரு நூலாலையில் பிட்டராக இருந்தவர். பாட்டாவுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் களத்தைப் பார்த்துக்கொள்ள வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஊரில் என்னென்ன பேசுவார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். மாதிரித் துண்டைக் கையில் வாங்கியதும் கொல்லனிடம் போய் அதன் பருமனுக்கு ஒரு இரும்பு வளையம் அடித்துக்கொண்டு வந்தார். வடம் முழுவதும் அந்த வளையத்துக்குள் இழுத்தால் ஓட வேண்டும், தொளதொளவென்றும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். பாட்டா வளையத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் கடியப்பட்டணத்துச் சூசை வந்தார். எங்கள் களத்துக்குப் பழைய ஆள், வந்தால் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போவார்.

“அண்ணே, பட்டாளத்தானிட்ட பிள்ளை எத்தனைண்ணு கேட்டியளா?”

“கேக்க என்ன இருக்கு? அவனவன் வீட்டுல பிள்ளை இல்லாமலா இருக்கும்?”

எல்லாரும் சிரித்தோம். ஆனால் பாட்டா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பட்டாளத்துக்குப் போகிறவனும் கடலுக்குப் போகிறவனைப் போலத்தான், உயிரைக் கயிற்றில் கட்டிக்கொண்டு போகிறவன் என்று நினைத்தார். எல்லா வடத்திலும் புரிக்கு இரண்டு இழை கூடச் சேர்க்கச் சொல்லிவிட்டார். உன் அப்பா தடுத்தார். பாட்டா அவரிடம் கோபப்படவில்லை, சின்னப் பையனிடம் பேசுவது போலப் பேசினார்.

“கொறஞ்சாத் தப்பு மாப்பிளே, ஒத்துக்கிடுகேன். கூடினா என்ன தப்பு?”

“கூடினாலும் தப்புதான் மாமா. அவங்க கேட்டது இந்தப் பருமன்.”

“நல்லதைக் கூடக் குடுத்தா வேண்டாம்ணு சொல்லுகவன் எந்த ஊருலய்யா இருக்கான்?”

களத்திலிருந்த எல்லாருக்கும் பாட்டா சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான். உன் அப்பாவின் வளையம் சுவரில் ஒரு ஆணியில் தொங்கியது. வடங்கள் மாட்டுவண்டியில் ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்குப் போய், அங்கிருந்து ரயிலேறின. இவ்வளவு நல்ல வடம் இந்தக் களத்திலிருந்து போனதில்லை என்று பாட்டா சொன்னார். அது உண்மைதான் மகனே. அதனால்தான் இதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

வடங்கள் திரும்பி வந்தன. ஒவ்வொரு சுருளிலும் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு. கூடவே ஒரு காகிதம், அதில் இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை. எங்கள் சபை உபதேசியார்தான் வாசித்துச் சொன்னார், தள்ளுபடி என்று. ஏன் என்று அதில் இல்லை. காகிதத்தின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்கள், அங்கேயும் இல்லை. ரயிலில் அத்தனை தூரம் போய்வந்த சரக்குக்கு ஒரு வரி காரணம் எழுத அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பாட்டா ஒரு சுருளைப் பிரித்து ஒரு முனையைத் தென்னையில் கட்டி, சூசையின் ஆட்களை விட்டு இழுக்கச் சொன்னார். தென்னை ஆடியது, வடத்தில் ஒரு இழைகூட அறவில்லை. சூசை வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “இதுவும் போராதுண்ணா அவனுவளுக்கு ஆனை கெட்டத்தான் வேணும்போல அண்ணே” என்றார்.

அந்தப் பேச்சு பாட்டாவின் மனசில் தங்கிவிட்டது. காரணம் சொல்லாதபோது ஆள் தனக்குத் தெரிந்த காரணத்தைத்தான் நினைத்துக்கொள்வான். அவருக்குத் தெரிந்த ஒரே குற்றம் பலம் போதாமை. அதனால் மறுபடி செய்தபோது இன்னும் இரண்டு இழை கூட்டினார். நல்ல தும்பாகப் பொறுக்கி எடுக்கச் சொன்னார். களத்தில் இருந்த பெண்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து திரித்தார்கள். உன் அப்பா நேரில் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். பாட்டாவுக்குப் பிடிக்கவில்லை. சர்க்காரிடம் கேட்பதும் கெஞ்சுவதும் ஒன்றுதான் என்றார். உன் அப்பா அந்தப் பேச்சை மீறி, சாமான் வாங்கும் ஆபீசுக்குப் புறப்பட்டுப் போனார். நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். அது அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது.

அங்கே நடந்ததை அவர் பிறகு எனக்குச் சொன்னார், எழுதியும் அனுப்பினார். சரக்கைத் தள்ளியவர் ஒரு சாதாரண ஆள், கையில் ஒரு அளவு வளையத்தோடு வாசலில் நிற்கிறவர். வடம் எதற்கு என்று அவருக்கும் தெரியாது. நுழையாவிட்டால் சிவப்புக் கோடு போடு என்று சொல்லியிருக்கிறார்கள், போட்டார். எதற்கு என்று தெரிந்த துரை வேறு கட்டிடத்தில் இருந்தார். அவரைப் பார்க்க உன் அப்பா அந்த வராந்தாவில் பல நாள் உட்கார்ந்து கிடந்தார். கடைசியில் பார்த்தபோது துரை கோபப்படவில்லை. ஆச்சரியப்பட்டார். இதுவரை தள்ளுபடியானவர்கள் யாருமே வந்து கேட்டதில்லை என்றாராம். ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். படகுகளை ஆற்றுக்குக் குறுக்கே வரிசையாக நிறுத்தி, மேலே பலகை அடுக்கிப் பாலம் போடுகிறார்கள். தும்புக் கயிறு தண்ணீரில் மிதக்கும் என்பதால் அதற்குத் தும்பு வடம் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு படகிலும் இரும்புக் கப்பி. வடம் அந்தக் கப்பிக்குள் ஓட வேண்டும். எங்கள் வடம் பருத்துப்போனதால் உள்ளே போகவில்லை. ஒரு படகில் இறுகி நின்றாலும் பாலம் முழுவதும் கோணும். பலமான வடமாக இருந்தும் அது அங்கே உதவாது. அங்கே எல்லா வடமும் எல்லாப் படகுக்கும் ஆக வேண்டும்.

துரை இன்னொரு தவணை கொடுத்தார், மழைக்கு முன்னால் அனுப்பினால் எடுத்துக்கொள்வதாக. உன் அப்பா அடித்து வைத்த வளையத்தைப் பற்றிக் கேட்டு அவர் தோளில் தட்டினாராம். அந்தச் சந்தோஷத்தில் உன் அப்பா வந்து சேர்ந்தபோது இரண்டாவது சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மகனே, இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவர் முற்றத்தில் நின்றபடியே, எல்லாப் பெண்களும் வண்டிக்காரர்களும் கேட்கச் சொல்லிவிட்டார்.

“மாமா, நம்ம வடம் பெலமில்லாம தள்ளல்ல. தடிச்சுப் போச்சு. கப்பிக்குள்ள போகல்ல.”

ராட்டுப் பக்கத்திலிருந்து ஒருத்தி சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அத்தனை நாள் விரல் தேயத் திரித்தது இதற்குத்தானா என்று வந்த சிரிப்பு. வண்டியின் பக்கத்தில் நின்ற பாட்டாவின் முகம் மாறியது. வந்தவரை வீட்டுக்குள் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, பாட்டாவையும் உள்ளே வரச் சொல்லியிருந்தால் அந்தச் சேதி வீட்டுக்குள் பேசப்பட்டிருக்கும். அத்தனை பேர் நடுவில் புருஷனைக் கூப்பிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. பாட்டா வண்டிக்காரனைப் பார்த்து, போகட்டும், ஓட்டு என்றார். உன் அப்பா வண்டிக்கு முன்னால் போய் நின்றார். பாட்டா அவரிடம் கடைசியாகப் பேசியது அன்றுதான்.

“எனக்க வடம் கப்பிக்குள்ள போகல்லேண்ணா, கப்பியைப் பெரிசாக்கச் சொல்லும் மாப்பிளே.”

வண்டி போனது. அதுவும் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது. துரை கொடுத்த தவணையைப் பாட்டா எடுக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் எனக்குச் சொல்வது போல மற்றவருக்குச் சொன்னார்கள். தும்பு வாங்கச் சொல், திரிக்க யந்திரம் வாங்கச் சொல் என்று உன் அப்பா சொல்வார். இந்தக் களத்தில் வளையம் வைத்துத் திரிக்க மாட்டோம் என்று சொல் என்று பாட்டா சொல்வார். மழை வந்தது, தவணை போனது. பாலத்துக்கு மறுபடி சீமைக் கயிறே வருகிறது என்று கேள்விப்பட்டோம். அந்தத் துரையின் சிபாரிசில் உன் அப்பாவுக்குத் துப்பாக்கி ஆலையில் வேலை கிடைத்தது. நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். இரண்டு தடவை விலைபோகாத சரக்கைத் தாங்கக் களத்துக்குச் சக்தி இல்லை. செல்லத்தாய் இப்போது மயிலாடியில் சிற்பக் கூடங்களுக்குக் கல் சுமக்கப் போகிறாள்.

வடக்கேயிருந்து உன் அப்பா எழுதும் கடிதங்களில் பாதி ஆலையைப் பற்றித்தான் இருக்கும். அங்கே ஒவ்வொரு துண்டு இரும்புக்கும் இரண்டு முனையுள்ள ஒரு அளவுகோல் உண்டாம். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. ஒரு கொட்டகையில் செய்த துண்டு வேறு கொட்டகையில் செய்த துண்டோடு தட்டாமல் சேர்கிறதாம். பாட்டா ஒருநாள் அதைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முதலில் எழுதினார். போகப் போக அவர் எழுத்து மாறியது. அங்கேயும் வரைபடங்களைத் துரைமார் பூட்டித்தான் வைக்கிறார்கள். நம் ஆட்களுக்கு ஒரு கையசைவு மட்டும் கற்றுக்கொடுக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால், உனக்கு எதற்கு என்கிறார்கள். எல்லையில் கலகம் என்றால் இராப்பகலாக வேலை, அடங்கினால் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். “நாளைக்கி நம்ம ஆளே ராச்சியம் பண்ணினாலும், யோசிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லேண்ணா துப்பாக்கியும் கயிறும் சீமையிலேருந்துதானே வரணும்” என்று எழுதியிருந்தார்.

நான் அதிகம் படிக்காதவள். ஆனால் இந்த ஒரு வடத்தைப் பற்றி யோசித்த அளவு வேறு எதைப் பற்றியும் யோசித்ததில்லை. நீ வளரும்போது நாடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பட்டாளம் இல்லாத நாடாக இருந்தால் நல்லது, ஆனால் அப்படி இருக்காது. நீ சர்க்காரில் சாமான் வாங்குகிற நாற்காலியில் உட்கார நேர்ந்தால், மாதிரித் துண்டை மட்டும் கொடுத்துவிட்டு வராதே. செய்கிறவனைக் கூட்டிக்கொண்டு போய் ஆற்றையும் படகையும் காட்டு. தள்ளினால் ஏன் என்று எழுது, அவனுடைய பாஷையில் எழுது. பரிசோதனை செய்யும் இடத்தை அவன் வண்டி ஓட்டிப் போய்வரும் தூரத்தில் வை, ஒரு சுருளைக் காட்டிவிட்டு மீதியைத் திரிக்கட்டும். இந்த வருஷம் வாங்கி அடுத்த வருஷம் மறந்துவிடாதே. ஒரு தடவை வரும் வேலையை நம்பி எந்தக் களத்துக்காரன் யந்திரம் வாங்குவான்? நீ செய்கிற பக்கத்தில் இருந்தால், உன் கை எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் அதை அளக்க விடு. அளப்பது அவமானம் இல்லை. அன்பாகச் செய்வதும் சரியாகச் செய்வதும் ஒன்றுதான் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். யந்திரம் வாங்கினால் எல்லாம் புதிதாகிவிடும் என்று உன் அப்பாவும் நினைத்தார். வாங்குகிறவனும் செய்கிறவனும் முகம் பார்த்துப் பேசாத இடத்தில் யந்திரமும் தப்பான பருமனில்தான் திரிக்கும்.

இன்று மத்தியானம் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது பாட்டா வந்து நடையில் உட்கார்ந்தார். உன்னை மடியில் வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“மக்கா, அந்தப் பாலத்தை ஒனக்க மாப்பிளை நேருல கண்டாராமே. எப்படி இருந்துதாம்?”

இத்தனை நாளில் அவர் அதைக் கேட்டதே இல்லை. உன் அப்பா எழுதியதை நினைவிலிருந்து சொன்னேன். வாழ்க்கையில் நான் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டுவார்களா என்று கேட்டார். ஓடும்போதுதான் என்றேன். ஆள் நடந்தால் தாங்குமா என்றார். குதிரையும் பீரங்கியும்கூட அதன் மேல் போகுமாம், அக்கரை சேர்ந்ததும் அவிழ்த்துச் சுருட்டி வேறு ஆற்றுக்குக் கொண்டுபோவார்களாம், யார் கட்டினாலும் எந்தக் கயிறு கையில் வந்தாலும் பொருந்துமாம் என்று சொன்னேன். உன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது.

“நான் கட்டுமரத்தைத்தான் நெனச்சேன் மக்கா” என்றார். “வேற என்னத்த நெனைக்க?”

நான் பெட்டியை மூடினேன். ஒருத்தன் வந்து சொல்லியிருக்கலாம் என்றார். பிறகு, நானும் கேட்டிருக்கலாம் என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். எங்களோடு வாருங்கள் அப்பா, அவரிடம் சொல்லி அந்தப் பாலத்தைக் காட்டச் சொல்கிறேன் என்றேன். அவர் உன்னை என் கையில் தந்துவிட்டு எழுந்தார்.

“இனி கண்டு எதுக்கு மக்கா?”

எதற்கு என்று உனக்குத் தெரிகிற வயதில் அவர் உயிரோடு இருந்தால், நீயே இந்த ஊருக்கு வந்து சொல்லு.

உன்னைப் பெற்றவள்